வீம்புன்னே எழுதிக்கோங்க

விசாரணைப் படிவத்தில் ஏழாவது கேள்விக்குக் கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன. 'மேற்படி செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதா?' ஆம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம். அண்ணி இரண்டையும் உற்றுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"வீம்புக்குன்னு ஒரு கட்டம் இல்லையா எழுத்தம்மா?"

நான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதிவேடு எழுதுகிறவள். வருகை, விடுப்பு, கிழிந்த பெட்ஷீட், காணாமல் போன தலையணை உறை எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும். அதனால் எழுத்தம்மா. அண்ணி, மடிப்பு அறையில் இருபது வருடமாகப் பெட்ஷீட் மடிக்கிறவள். நியாயமாகப் பார்த்தால் அவள் ஒரே ஒருத்திக்குத்தான் அண்ணி. புருஷனின் தங்கையும் அதே அறையில், அவளுக்கு நேர் எதிரே நின்று மடிக்கிறவள். அந்த நாத்தனார் நாளைக்கு நூறு தடவை "அண்ணி, அண்ணி" என்று கூப்பிட்டதில், வண்டி தள்ளுகிறவர் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் இவள் அண்ணியாகிப் போனாள்.

அப்படிக் கூப்பிட்டதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்பு. அதன் பிறகு இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

சண்டைக்குக் காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். வார்டிலிருந்து ஒரு பெட்ஷீட் திரும்பி வந்தது, மடிப்பு ஒரு விரல் அகலம் கோணல் என்று. "யார் பக்கம் கோணல்?" என்று மேற்பார்வைக்காரி கேட்டாள். "அவ பக்கம்" என்றாள் அண்ணி. "அவங்க பக்கம்" என்றாள் நாத்தனார். விட்டிருந்தால் மத்தியானச் சாப்பாட்டோடு போயிருக்கும். விடுகிற வம்சமா அது? சாயங்காலம் கோணல் வீட்டுக்குப் போனது. உங்க குடும்பத்துக்கே கை கோணல் என்று ஒருத்தி சொல்ல, நீங்க வந்த பிறகுதான் எங்க குடும்பமே கோணலாச்சு என்று இன்னொருத்தி சொல்ல, நடுவில் அகப்பட்ட அண்ணன்காரர் மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல இரண்டு வருடமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் வேலை நிற்கவில்லை. மடிப்பது எப்படி என்று தெரிந்தால்தான் இது புரியும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலை பிடித்து, கையைத் தலை உயரத்துக்குத் தூக்கி ஒரு உதறு உதற வேண்டும். பிறகு நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். ஒருத்தி மூலைகளை வாங்கிக்கொள்ள, மற்றவள் குனிந்து தொங்கும் மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவாள். மறுபடி சேர்வார்கள். ஒரு பெட்ஷீட்டுக்கு இரண்டு தடவை விரலோடு விரல் படும். ஒரு ஜோடி நாளைக்கு முந்நூற்று ஐம்பது மடிக்க வேண்டும். ஆக எழுநூறு தடவை கையைத் தொட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு வருடம் நின்றார்கள். என் மேஜைக்கும் மடிப்பு அறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புதான், எல்லாம் தெரியும். அந்த இரண்டு வருடத்தில் அவர்கள் மடித்த ஒன்றுகூடக் கோணல் என்று திரும்பி வந்ததில்லை. வந்தால் யார் பக்கம் என்று பேச வேண்டி வருமே.

பிறகு நாத்தனாருக்கு மார்பில் கட்டி வந்தது. இடது பக்கம் ஆபரேஷன் ஆயிற்று. மருத்துவ விடுப்பில் போனாள். மூன்று மாதம் முடிந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மடிப்பு ஜோடியில் ஒருத்தி மூன்று மாதத்துக்கு மேல் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போடலாம். போட்டுவிட்டால் பழைய ஆள் திரும்பி வந்தாலும் காத்திருப்போர் பட்டியலில்தான் உட்கார வேண்டும். பட்டியலிலிருந்து மறுபடி உள்ளே வந்தவளை நான் பார்த்ததில்லை. ஆனால் புது ஜோடி அமைய இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒத்து வராத இரண்டு பேரைச் சேர்த்து வைத்தால் வேலை கெடும் என்று யாரோ புண்ணியவான் எழுதி வைத்த விதி அது.

அண்ணி கையெழுத்துப் போடவில்லை. மூன்று பெண்களை அனுப்பினார்கள், மூன்று பேரையும் திருப்பி அனுப்பினாள். தனியாகவே மடிக்க ஆரம்பித்தாள். நடுவில் கிடந்த நீள மேஜையை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டாள். ஜன்னல் கம்பியில் இரண்டு கொக்கி கட்டி, பெட்ஷீட்டின் அந்தப் பக்க மூலைகளை அதில் மாட்டினாள். இந்தப் பக்கம் தான் பிடித்துக்கொண்டு போவதும் வருவதும் குனிவதும் நிமிர்வதும் எல்லாம் ஒருத்தியே. முந்நூற்று ஐம்பது எங்கே, நூற்று எண்பதைத் தாண்டவில்லை. ஒரு மணி நேரம் முன்னதாக வந்து பார்த்தும் முடியவில்லை. ஐம்பத்து மூன்று வயது. மத்தியானம் தோளைச் சுவரில் சாய்த்து அழுத்திக்கொண்டு நிற்பாள். எனக்குப் பார்க்கவே பொறுக்காது. போய்ச் சொன்னால், "உங்க வேலையப் பாருங்க எழுத்தம்மா" என்பாள்.

வார்டுகளுக்குப் பெட்ஷீட் பற்றவில்லை. மேற்பார்வைக்காரி புகார் எழுதினாள். வேலையைத் தடுத்தது, மேஜையை அனுமதியின்றி நகர்த்தியது, அனுப்பிய ஆட்களை அவமதித்தது. அதற்குத்தான் இந்த விசாரணை, இந்தப் படிவம், இந்த ஏழாவது கேள்வி. ஆம் கட்டத்தில் குறி விழுந்தால் அண்ணிக்கு வேலை போகும்.

மேலாளர் புதியவர். நல்ல மனிதர்தான். ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

திருப்பி அனுப்பப்பட்ட பெண்களில் ஒருத்தியை முதலில் கூப்பிட்டார். "அந்தம்மாகூட யாரும் வேலை செய்ய முடியாது சார்," என்றாள் அவள். "இடது கையத் தூக்கவே கூடாதாம். தூக்கினா திட்டறாங்க. இடது கையத் தூக்காம எப்படி சார் மடிக்கறது? அரை நாள் அப்படி நின்னு பாத்தேன். அப்புறம், சரி நீ போன்னுட்டாங்க." நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

பிறகு அண்ணியைக் கேட்டார். "ஏம்மா கையெழுத்துப் போட மாட்டேங்கறீங்க? வந்தவங்க வேலை தெரியாதவங்களா?"

"நல்லா தெரிஞ்சவங்கதான் சார்."

"அப்புறம்?"

"வீம்புதான் சார்."

மேலாளர் பேனாவை எடுத்தார். "வீம்புன்னா வேணும்னே செய்யறதுதானே? ஆம்ல குறி போட்டுடலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

விசாரணையில் எழுதுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் எனக்கும் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

"ரெண்டும் ஒண்ணு இல்ல சார். வேணும்னே செய்யறவங்க மறைச்சுச் செய்வாங்க. கேட்டா நான் இல்லன்னு சாதிப்பாங்க. வீம்புக்குச் செய்யறவங்க ஊரறியச் செய்வாங்க, கேட்டா ஆமாம்னு நிப்பாங்க. வேணும்னே செஞ்சா அடுத்தவங்களுக்கு வலிக்கும். வீம்புக்குச் செஞ்சா முதல்ல தனக்குத்தான் வலிக்கும். இவங்க தோளைப் பாருங்க."

"அப்போ பிடிவாதம்னு எழுதலாமா?"

"பிடிவாதம் தனியா இருந்துகூடப் பண்ணலாம் சார். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு ஒருத்தர் வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்கலாம். வீம்புக்கு எதிர்ல ஒரு ஆள் வேணும். யார்கிட்ட வீம்புங்கற கேள்வி இல்லாம வீம்பு கிடையாது."

"எதிர்ல யாரு, நானா?" மேலாளருக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

"நீங்க எதுக்கு சார் இதுல," என்றாள் அண்ணி. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னாள்.

அவர் பேனாவை மூடினார். விடுப்பில் இருக்கிறவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்று எழுத்துமூலம் வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார். வர மாட்டாள் என்றால் அந்த இடம் காலி. அதற்கு மேலும் அண்ணி கையெழுத்துப் போடாமல் நின்றால் ஆம் கட்டம்தான். நாளைக் காலை முடிவு.

தாழ்வாரத்தில் அண்ணி என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "எழுத்தம்மா, அவளுக்காகத்தான் நிக்கறேன்னு எங்கயும் எழுதிடாதீங்க. வீம்புன்னே எழுதிக்கோங்க."

"ஏன் அண்ணி? உள்ளதைச் சொன்னா ஐயா இரக்கப்படுவாரு."

"அவ படிச்சா தலைமேல ஏறி உக்காந்துக்குவா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவ உடம்பப் பத்தியும் எழுதாதீங்க. வேலைக்கு லாயக்கில்லன்னு ஒரு சீல் குத்திட்டாங்கன்னா?"

நாத்தனாரின் வீடு மூன்றாவது மாடியில். கதவைத் திறந்தவளை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதியாகியிருந்தாள். முடி இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. "பயப்படாம உள்ள வாங்க, நான்தான்," என்றாள். வாய் மட்டும் பழைய வாய்.

உட்கார்ந்த இடத்துக்கு எதிரே சுவரில் பென்சில் கோடுகள் இருந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக. இடுப்பு உயரத்தில் ஆரம்பித்து மெல்ல ஏறி, விலா உயரத்தில் நின்றுவிட்டன.

"பயிற்சி," என்றாள். "விரலாலயே சுவத்துல நடந்து கைய மேல ஏத்தணும். ஏறுற இடத்துல ஒரு கோடு. அஞ்சு வாரமா அந்தக் கடைசிக் கோட்டுலயே நிக்குது. தோளுக்கு மேல தூக்காதீங்கன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. எனக்கே ஏறலைங்கறப்போ தூக்கறது எங்க." பேப்பரைக் கேட்டு வாங்கினாள். "வர முடியாதுன்னு எழுதிடறேன். கையத் தூக்காம யாராவது பெட்ஷீட் மடிக்க முடியுமா?"

எங்கேயோ கேட்ட வார்த்தை என்று எனக்கு உறுத்தியது. ஆனால் பிடிபடவில்லை.

"உங்க அண்ணி யாரையும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. ஒத்தையா மடிக்கறாங்க," என்றேன்.

பேனா நின்றது. "எதுக்கு?"

"வீம்பாம்."

"யார்கிட்ட வீம்பு?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "ஒத்தையா எப்படி மடிப்பாங்க? தரையில பட்டா மறுபடி சலவைக்குப் போகுமே."

மேஜையை இழுத்துப் போட்டதைச் சொன்னேன். ஜன்னல் கம்பியில் இரண்டு கொக்கி கட்டியதைச் சொன்னேன்.

"ரெண்டும் ஒரே உயரமா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. அறையில் அவள் நிற்கிற மாதிரியே, ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்று காட்டினேன். வலது கொக்கி நெஞ்சு உயரம். இடது கொக்கி தாழ, விலாப் பக்கம், இங்கே.

என் கை காட்டிய உயரத்தை அவள் பார்த்தாள். பிறகு எழுந்து சுவரின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என் கையும் அந்தக் கோடும் ஒரே உயரத்தில் இருந்தன.

"போன மாசம் அண்ணன் வந்தப்போ இந்தக் கோட்டுக்கு முழம் போட்டு அளந்தாரு," என்றாள். "எதுக்குண்ணேன்னு கேட்டா, சும்மான்னாரு. அதுக்கு அப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்து அளக்கறாரு. இந்த மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு நினைச்சேன்."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இடது கையைத் தூக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதும், மேஜையும், கொக்கியும் எல்லாம் சேர்ந்து வந்து நின்றன. அண்ணி தனியாக மடிக்கவில்லை. ஒரு கை ஏறாதவளை எதிரில் நிறுத்தி மடிக்க முடியுமா என்று ஒரு மாதமாகப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரில் இருப்பவள் நின்றால் போதும், நடையும் குனிவும் எல்லாம் இவள் பக்கம். தாழ்த்திப் பிடித்தாலும் தரையில் படாதபடி நடுவில் மேஜை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு நானும் வீம்பு வீம்பு என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. பேப்பரை நாலாக மடித்தாள், மூலையோடு மூலை சரியாக.

"இதை எழுதறதா இல்ல. நாளைக்கு நானே வர்றேன்னு சொல்லுங்க." வாசல் வரை வந்தவள், "எனக்காக நின்னாங்கன்னு வந்தேன்னு சொல்லாதீங்க," என்றாள். "நானும் வீம்புக்குத்தான் வர்றேன்."

மறுநாள் காலை பழைய நீல மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அது அவள் உடம்பில் தொங்கியது. மேலாளர் டாக்டர் கடிதத்தை வாங்கிப் படித்தார். 'தோளுக்கு மேல் கையைத் தூக்கக் கூடாது.' முகம் சுண்டிவிட்டது. "இதை வச்சுக்கிட்டு நான் எப்படிம்மா..." என்று இழுத்தார்.

"ஒரு பெட்ஷீட் மடிக்கறோம் சார். பாத்துட்டுச் சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

அவள் நேராக ஜன்னல் பக்கம் போனாள். கம்பியிலிருந்து இரண்டு கொக்கியையும் அவிழ்த்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் தான் நின்றாள். அண்ணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும்தான் பார்த்தாள். வண்டியிலிருந்து ஒரு பெட்ஷீட்டை எடுத்து, மேஜை மேல் தள்ளி, இரண்டு மூலையை எதிர்ப்பக்கம் நீட்டினாள். நாத்தனார் பிடித்தாள். அறையில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

உதறும் நேரம். இருபது வருடப் பழக்கமோ, இல்லை உன்னால் எனக்கு ஒன்றும் சலுகை வேண்டாம் என்ற அந்தப் பாழாய்ப் போன குணமோ, நாத்தனாரின் இடது கை மேலே போனது. விலாவைத் தாண்டியதுமே முகம் வெளுத்தது. உதட்டைக் கடித்தாள். கை இன்னும் போனது.

"தூக்காதடி கைய!"

இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணி அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. நாத்தனார் கையை இறக்கினாள். கண் நிறைந்துவிட்டது, ஆனால் முகம் திருட்டுச் சிரிப்பு சிரித்தது.

"எழுத்தம்மா, முதல்ல பேசினது யாருன்னு எழுதிக்கோங்க."

"வேலைக்காகச் சொன்னது. அதெல்லாம் பேச்சுல சேராது," என்றாள் அண்ணி. குரல் உடைந்திருந்தது.

பிறகு மடித்தார்கள். அண்ணி நடந்தாள், சேர்த்தாள், குனிந்தாள், பின்னால் போனாள். நாத்தனார் நின்ற இடத்தில் நின்று வாங்கினாள். விரலோடு விரல் பட்டது. முதல் தடவை பட்டபோது அண்ணி உடனே கையை எடுக்கவில்லை. ஒரு நொடிதான், ஆனால் நான் பார்த்தேன்.

மேலாளர் மடித்த பெட்ஷீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பாவம், அவருக்குப் பழைய கதை ஒன்றும் தெரியாது.

"ஒரு விரல் அகலம் கோணலா இருக்கே. யார் பக்கம்?"

மேற்பார்வைக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"என் பக்கம் சார்," என்றாள் அண்ணி.

"இல்ல சார், என் பக்கம். என் கைதான் தாழ்ந்துடுச்சு."

"அவ கை தாழும்னு தெரியும்ல, நான் அதுக்குத் தக்கன இறக்கிப் பிடிச்சிருக்கணும். என் பக்கம்தான்."

"அண்ணி, நான்தான் சொல்றேன்ல. என் பக்கம்."

"பெரியவ பேசறப்போ குறுக்க பேசாத. என் பக்கம்."

"எப்பவும் நீங்க சொல்றதுதான் நடக்கணுமா அண்ணி? இது என் கோணல்."

மேலாளர் பெட்ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார், டாக்டர் கடிதத்தை மறுபடி ஒரு தடவை படித்தார். "தோளுக்கு மேல தூக்க வேண்டிய வேலையே இல்லையே இதுல," என்றார் தனக்குத்தானே. பழைய ஜோடியே தொடரட்டும், ஆரம்பத்தில் இருநூறு மடித்தால் போதும், மூன்று மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"எல்லாம் சரி. ஏழாவது கேள்விக்கு என்ன போடறது?"

நான் ஸ்கேலை எடுத்தேன். ஆம், இல்லை இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டு, வீம்பு என்று எழுதி, குறியும் போட்டேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சடித்த படிவத்தில் கை வைத்ததற்கு என்னையும் விசாரிப்பார் என்றுதான் நினைத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டாவது பெட்ஷீட் விரிந்துவிட்டது. இரண்டு வாயும் ஓயவில்லை. முதல் பெட்ஷீட் மட்டும் வண்டியில் ஏறாமல் மேஜை ஓரத்தில் கிடந்தது. யார் பக்கம் கோணல் என்று இன்னும் முடிவாகவில்லை.